ஒரே மேஜை... ஆளுக்கொரு சுருள்!

ஜப்பானிய வீட்டு விருந்தான ‘தெமாகி சுஷி’யை ருசியாகவும் பத்திரமாகவும் செய்வது எப்படி?

“பச்சை மீனா? ஐயையோ, ஆளை விடுங்க!”

சுஷி என்ற பேச்சை எடுத்ததுமே பல பேர் இப்படித்தான் அலறுகிறார்கள். ஆனால் சுஷிக்கு உயிர்நாடி மீன் இல்லை, சாதம். வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து பக்குவப்படுத்திய சாதம் இருந்தால்தான் அது சுஷி. அதோடு பச்சை மீனும் சேரலாம், வெந்த இறாலும் சேரலாம், வெறும் வெள்ளரிக்காயும் சேரலாம். சாதம் இல்லாமல் பச்சை மீனை மட்டும் துண்டு போட்டு வைத்தால் அதற்கு ‘சாஷிமி’ என்று வேறு பெயர்.

சுஷியில் ஏகப்பட்ட வகைகள். கடையில் நிபுணர் ஒருவர் கையால் பிடித்துக் கொடுப்பது ‘நிகிரி’. மூங்கில் பாயில் வைத்து உருட்டி வெட்டுவது ‘மாகி’. தட்டில் சாதத்தைப் பரப்பி மேலே எல்லாவற்றையும் தூவுவது ‘சிராஷி’. இவற்றில் வீட்டுக்கென்றே அமைந்தது ‘தெமாகி’. ‘தெ’ என்றால் கை, ‘மாகி’ என்றால் சுருட்டல். கையால் சுருட்டுவது, அவ்வளவுதான்!

பிறந்தநாள், புது வருஷத்துக்கு வரும் உறவுக் கூட்டம், மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் ‘ஹினமட்சுரி’ என்று ஜப்பானிய வீடுகளில் நாலு பேர் கூடினால் தெமாகி போட்டுவிடுவார்கள். காரணம், சமைப்பவருக்கு வேலை குறைவு. சாதத்தையும் மற்றவற்றையும் நறுக்கி மேஜையில் வைத்துவிட்டால் போதும். அவரவர் பாசித்தாளை எடுத்து, பிடித்ததை வைத்து, சுருட்டிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். வீட்டு அம்மாவும் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். இது ஒன்றே பெரிய விஷயம் இல்லையா?

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒரே மேஜையில்தான் ரெண்டு வயசுப் பேரனும் இருப்பான், மாசமாக இருக்கும் மருமகளும் இருப்பாள், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாவும் இருப்பார். எல்லாத் தட்டும் எல்லாருக்கும் ஏற்றதாக இருக்காது. யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு பரிமாறுவதில்தான் இந்த விருந்தின் சாமர்த்தியமே இருக்கிறது.

பிறந்த கதை

மீன் கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த வழிதான் சுஷியின் ஆரம்பம். உப்பிட்ட மீனைச் சாதத்துக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். சாதம் புளித்து, அந்தப் புளிப்பு மீனைக் காப்பாற்றும். ஷிகா மாவட்டத்தில் பிவா ஏரிக் கரையில் இன்றைக்கும் ‘ஃபுனாசுஷி’ என்ற பெயரில் இதைச் செய்கிறார்கள். வாசனை தூக்கி அடிக்கும்!

அப்புறம் பொறுமை குறைந்தது. புளிக்கும்வரை காத்திருப்பானேன் என்று சாதத்தில் வினிகரை ஊற்றினார்கள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில் கையால் பிடித்துக் கொடுக்கும் நிகிரி பிரபலமானது. ஹனாயா யோஹெய் என்பவரின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

தெமாகியைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தாளுக்கும் ஒரு கதை உண்டு. ‘நோரி’ என்பது கடற்பாசி. அதை அரைத்து, தாள் மாதிரி ஊற்றிக் காயவைத்து, வாட்டி எடுக்கிறார்கள். ரொம்ப காலம் இந்தப் பாசி எங்கிருந்து முளைக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் கைவிட்டுவிடும். 1949-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த காத்லீன் ட்ரூ பேக்கர் என்ற பெண் விஞ்ஞானி, இந்த இனப் பாசி தன் வாழ்நாளில் ஒரு பகுதியைச் சிப்பி ஓட்டுக்குள் கழிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். அதை வைத்து ஜப்பானிய விஞ்ஞானிகள் செயற்கையாக விதையிடும் முறையை உருவாக்கினார்கள். நோரி சாகுபடி நிலைத்தது. அந்த அம்மையார் ஜப்பானுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனாலும் குமமோட்டோ மாவட்டத்து உடோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, ‘கடலின் தாய்’ என்று ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் மரியாதை செய்கிறார்கள்.

என்னென்ன வேண்டும்? (4 பேருக்கு)

ஜப்பானியக் குட்டை அரிசி - 450 கிராம். அவர்கள் கணக்கில் இது 3 ‘கோ’. ஒரு கோ என்பது 180 மில்லி கப்.

அரிசி வினிகர் - 5 மேஜைக் கரண்டி (75 மில்லி)

சர்க்கரை - 3 மேஜைக் கரண்டி

உப்பு - ஒன்றரை டீஸ்பூன் (குறைப்பதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்)

நோரித் தாள் - 10. ஒரு தாள் 21 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நாலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்க - மீன், இறால், முட்டை எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 80 முதல் 100 கிராம்.

காய்கள் - வெள்ளரிக்காய், வெண்ணெய்ப் பழம், முள்ளங்கி முளை, ‘ஷிசோ’ என்ற மணமுள்ள இலை.

தொட்டுக்கொள்ள - சோயா சாஸ், வசாபி, வினிகரில் ஊறிய இஞ்சி. வறுத்த எள் கொஞ்சம்.

சாதம்தான் பரீட்சை!

சாதத்தில் கோட்டை விட்டால் மற்றது எதுவும் தேறாது. அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

1. அரிசியை நாலைந்து தண்ணீரில் களைந்து, அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

2. அரிசி எத்தனை கப்போ, தண்ணீரும் அத்தனை கப்தான். சாதாரணச் சாதத்தைவிடத் தண்ணீர் கொஞ்சம் குறைவு. ஏனென்றால் பிறகு வினிகர் சேரப் போகிறது. வெந்ததும் 10 நிமிஷம் மூடியைத் திறக்காமல் புழுங்க விடுங்கள்.

3. வினிகர், சர்க்கரை, உப்பு மூன்றையும் சின்னப் பாத்திரத்தில் லேசாகச் சூடுபண்ணிக் கரையுங்கள். கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் வினிகரின் வாசனையும் புளிப்பும் பறந்துவிடும்.

4. அகலமான பாத்திரத்தில் சாதத்தைக் கொட்டுங்கள். ஜப்பானில் இதற்கென்றே ‘ஹங்கிரி’ என்ற மரத்தொட்டி இருக்கிறது. மரம் அதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் அகலமான கண்ணாடிப் பாத்திரமே போதும்.

5. சாதம் ஆவி பறக்கச் சூடாக இருக்கும்போதே வினிகர் கலவையைக் கரண்டியின் மேல் ஊற்றி, சாதம் முழுக்கப் பரவவிடுங்கள். ஆறிய சாதம் வினிகரை உள்ளே வாங்காது. மேலேயே சொதசொதவென்று நிற்கும்.

6. தயிர்சாதம் மாதிரி பிசையாதீர்கள்! கரண்டியின் விளிம்பால் வெட்டுவது போலக் கிளறி, அடியிலிருந்து புரட்டுங்கள். பருக்கை உடையக் கூடாது.

7. கலந்து முடித்ததும் விசிறியால் விசிறுங்கள். மேலே உள்ள ஈரம் போய், ஒவ்வொரு பருக்கையும் பளபளவென்று மின்னும். இந்த விசிறும் வேலை ஜப்பானிய வீடுகளில் குழந்தைகளுக்கு. போட்டி போட்டுக்கொண்டு செய்வார்கள்.

8. உடம்புச் சூட்டுக்கு ஆறியதும் நனைத்துப் பிழிந்த துணியால் மூடி வையுங்கள்.

இந்தச் சாதத்தை ஃபிரிஜ்ஜில் வைக்கக்கூடாது. குளிரில் மாவுச்சத்து இறுகி, பருக்கை கல்லாகிவிடும். அதே சமயம் நாள் முழுக்க வெளியில் கிடக்கவும் விடாதீர்கள். அரிசியில் இருக்கும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் சாதம் வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி வாந்தியை உண்டாக்கும். வினிகரின் புளிப்பு இந்தப் பெருக்கத்தைத் தடுத்து வைக்கிறது. ருசிக்காக மட்டும் வினிகர் ஊற்றவில்லை, பாதுகாப்புக்காகவும்தான். அதனால் வினிகரின் அளவைக் குறைக்காதீர்கள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

மீனில் மூன்று எதிரிகள்

மீன் வாங்கும்போது ஜப்பானியர் முதலில் பார்ப்பது லேபிளை. ‘சாஷிமி-யோ’ என்று போட்டிருந்தால் பச்சையாகச் சாப்பிடலாம் என்று அர்த்தம். ‘கனெட்சு-யோ’ என்று போட்டிருந்தால் வேகவைத்தே ஆகவேண்டும். சிப்பி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வேகவைக்க வேண்டிய சிப்பி பழசு என்று அர்த்தமில்லை. அது பிடிக்கப்பட்ட கடல் பகுதியும், பிடித்தபின் சுத்தம் செய்யும் முறையும் வேறு. எவ்வளவு புதுசாக இருந்தாலும் அதைப் பச்சையாகத் தொடக்கூடாது.

நம் ஊரில் குழம்புக்கும் வறுவலுக்கும் வாங்கும் மீன், வேகவைப்பார்கள் என்ற நம்பிக்கையில் விற்கப்படுவது. கண்ணும் செவுளும் எத்தனை பளிச்சென்று இருந்தாலும் அதைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே பிடித்த இடத்திலிருந்து குளிர்பதனத்தில் வந்த மீன் கிடைக்காவிட்டால், வெந்த இறால், முட்டை, காய் என்று விருந்தை முடித்துக்கொள்ளுங்கள். தெமாகிக்கு ஒரு குறையும் வராது.

முதல் எதிரி: அனிசாகிஸ். ரெண்டு மூணு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் மாதிரி இருக்கும் புழு. சபா என்ற கானாங்கெளுத்தி வகை, கணவாய், பசிபிக் சால்மன் போன்றவற்றில் இருக்கும். உயிரோடு வயிற்றுக்குள் போனால் இரைப்பைச் சுவரைத் துளைக்கும். சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி எடுக்கும். எண்டோஸ்கோப் விட்டு டாக்டர் புழுவை எடுத்ததும் பெரும்பாலும் வலி அடங்கிவிடும்.

“அதான் வினிகர் இருக்கே, வசாபி இருக்கே!” என்று நினைக்காதீர்கள். வினிகர், உப்பு, சோயா சாஸ், வசாபி எதற்கும் இந்தப் புழு சாகாது. இரண்டே வழி. 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் இருக்கவேண்டும். அல்லது மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வேண்டும். இது ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லும் கணக்கு. வீட்டு ஃபிரீஸர் பல சமயம் மைனஸ் 18-ஐச் சுற்றித்தான் நிற்கும். அதனால் வீட்டு ஃபிரீஸரை நம்பாமல், முறைப்படி உறையவைத்து விற்கும் மீனை வாங்குவதே நல்லது. வடக்கே ஹொக்கைடோவில் ஐனு மக்கள் சால்மனை உறையவைத்து, உறைந்தபடியே மெல்லிசாகச் சீவி ‘ருயிபே’ என்று சாப்பிடுவார்கள். அனுபவ அறிவு!

இன்று ஜப்பானியக் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்த பச்சை சால்மன், பழைய வழக்கத்தில் கிடையாது. புழுவுக்குப் பயந்து சால்மனை உப்பிட்டோ, சுட்டோதான் சாப்பிட்டார்கள். 1980-களின் நடுவில் நார்வே நாடு தன் பண்ணை சால்மனை ஜப்பானில் விற்கக் கிளம்பிய பிறகுதான் அது சுஷித் தட்டில் ஏறியது. தயார் தீவனத்தில் வளர்வதால் அதில் புழுத் தொல்லை மிகக் குறைவு.

இரண்டாவது எதிரி: விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். பெயரைப் போலவே ஆளும் பொல்லாதது. 1950 அக்டோபரில் ஒசாகா பகுதியில் ‘ஷிராசு’ என்ற பொடிமீன் சாப்பிட்ட 272 பேர் பாதிக்கப்பட்டு, 20 பேர் இறந்துபோனார்கள். அப்போது ஃபுஜினோ என்ற பேராசிரியர் கண்டுபிடித்த கிருமிதான் இது. உப்புத்தண்ணீரில் செழிக்கும். வெயில் காலத்தில் மடமடவென்று பெருகும். நல்ல வேளையாக இதற்கு ரெண்டு பலவீனங்கள் உண்டு. நல்ல தண்ணீர் பிடிக்காது, குளிர் பிடிக்காது. அதனால் முழு மீனை வெட்டும் முன் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவவேண்டும். பிறகு பரிமாறும் நிமிஷம்வரை குளிரிலேயே வைக்கவேண்டும். 2001-ல் கடல் உணவுக்கான தரக் கட்டுப்பாடுகளை ஜப்பான் இறுக்கிய பிறகு இந்த நோய் அங்கே வெகுவாகக் குறைந்தது.

மூன்றாவது எதிரி: ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி சிவந்த சதை மீன்களைச் சூட்டில் போட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் இந்த நச்சை உண்டாக்கும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி வரும். வேகவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. வாங்கிய நேரத்திலிருந்து குளிர் விடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே மருந்து. நாக்கில் வைத்ததும் சுருக்கென்று எரிந்தால் துப்பிவிடுங்கள்.

நறுக்கும் வரிசை

முதலில் காய்கள், பிறகு முட்டை, கடைசியில் பச்சை மீன். இந்த வரிசை மாறக்கூடாது. மீனுக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. எல்லாவற்றையும் சுண்டுவிரல் தடிமனில், நோரித் துண்டின் நீளத்துக்கு, குச்சி குச்சியாக நறுக்குங்கள். கையில் வெட்டுக்காயம், புண் இருப்பவர் அன்றைக்குச் சாதத்தையோ மீனையோ தொடவேண்டாம். புண்ணில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உணவில் விடும் நச்சு, சூடு பண்ணினாலும் போகாது.

ஜப்பானிய முட்டை ரோலான ‘தமகோயாகி’ நம்ம ஆம்லெட்டுக்குத் தூரத்து உறவு. கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, மெல்லிசாக ஊற்றிச் சுருட்டிச் சுருட்டி அடுக்குவார்கள். குழந்தைகள் முதலில் கை வைப்பது இதில்தான்.

சுருட்டுவது இப்படி!

நோரியின் பளபளப்பான பக்கம் கீழே, சொரசொரப்பான பக்கம் மேலே. இடது உள்ளங்கையில் நோரித் துண்டை வையுங்கள். ரெண்டு மேஜைக் கரண்டி சாதம், அதாவது சுமார் 30 கிராம், எடுத்து மெல்லப் பரப்புங்கள். அழுத்தவேண்டாம். மேலே ரெண்டு அல்லது மூணு குச்சிகளைக் குறுக்காக வைத்து, இரண்டு எதிர் மூலைகளையும் ஒன்றாக மடித்துப் பிடியுங்கள். கூம்பு வடிவம் வேண்டுமானால் பாதித் தாளை எடுத்து, இடது பாதியில் சாதம் வைத்து, கீழ் மூலையை உள்ளே மடித்துச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். முனையில் ஒரு பருக்கையை ஒட்டினால் பிரியாது.

ஆசைப்பட்டு நிறைய வைத்தால் கிழிந்துவிடும். புதுசாகச் செய்பவர்கள் எல்லாரும் முதல் சுருளில் இதைத்தான் செய்வார்கள்!

சுருட்டிய உடனே சாப்பிடவேண்டும். மொறுமொறுவென்று இருக்கும் நோரி ரெண்டு நிமிஷத்தில் ஈரம் இழுத்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இதை யாரும் முன்கூட்டியே சுருட்டி அடுக்குவதில்லை.

பொதுத் தட்டிலிருந்து எடுக்கத் தனியாக ஒரு ஜோடி குச்சி வைப்பது வழக்கம். தான் சாப்பிட்ட குச்சியைப் பொதுத் தட்டில் விடுவது சுத்தமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவே கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுக்கும் சடங்கில்தான் ஜப்பானியர் அப்படிச் செய்வார்கள். விருந்தில் செய்தால் பெரியவர்கள் முகம் வாடிவிடும்.

யாருக்கு எது?

மாசமாக இருப்பவர்கள்: கர்ப்ப காலத்தில் கிருமித் தொற்று எளிதில் பிடிக்கும். பச்சை மீனைத் தள்ளி வைத்துவிட்டு, வெந்த இறால், முட்டை, காய்களை எடுத்துக்கொள்வது நல்லது. புகைபோட்ட சால்மனும் கூடாது. அதில் ‘லிஸ்டீரியா’ கிருமி இருக்க வாய்ப்பு உண்டு என்று ஜப்பான் அரசே கர்ப்பிணிகளை எச்சரிக்கிறது. பெரிய சூரை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். வேகவைத்தாலும் அது போகாது. ஹோன்மகுரோ, மெபாச்சி என்ற ரெண்டு வகைகளைக் கர்ப்பிணிகள் வாரத்துக்கு ஒரு தடவை, 80 கிராமுக்கு மேல் சாப்பிடவேண்டாம் என்பது அங்கே உள்ள அறிவுரை. டின்னில் வரும் சூரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மயோனைஸ் கலந்த டின் சூரை தெமாகி மேஜையில் எப்போதும் இருக்கும். மருமகள் தாராளமாகச் சாப்பிடலாம்.

குழந்தைகள்: மூணு வயசு ஆகும்வரை பச்சை மீன் வேண்டாம். நோரியும் கவனம். ஈரம் பட்டால் மேல் அண்ணத்திலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். சின்னக் குழந்தைக்கு நோரியைப் பொடியாகக் கிழித்துச் சாதத்தோடு கலந்து கொடுங்கள். பல் இல்லாத, விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் இதே முறைதான். ‘இகுரா’ என்ற சால்மன் சினை பார்க்கச் சிவப்பு மணி மாதிரி அழகு. ஆனால் ஜப்பானியக் குழந்தைகளிடம் அலர்ஜி உண்டாக்கும் உணவுகளில் அதுவும் ஒன்று. முதல் தடவை விருந்து நாளில் கொடுத்துப் பார்க்கவேண்டாம்.

பிரஷர் உள்ளவர்கள்: கணக்குப் போடுவோமா? ஒன்றரை டீஸ்பூன் உப்பு என்பது 9 கிராம். 4 பேருக்குப் பிரித்தால் சாதத்திலேயே ஆளுக்குச் சுமார் 2.2 கிராம் போய்விடுகிறது. ஒரு மேஜைக் கரண்டி சோயா சாஸில் இன்னொரு 2.6 கிராம். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 5 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 5 கிராம்தான்! அதனால் சாதத்துக்கு உப்பை 1 டீஸ்பூனாகக் குறையுங்கள். சோயா சாஸைச் சின்னக் கிண்ணத்தில் அரை டீஸ்பூன் மட்டும் ஊற்றிக்கொடுங்கள். சாதத்தில் படாமல் மீனின் நுனியில் மட்டும் தொட்டுக்கொள்ளவேண்டும். இன்னொன்று: வெளிர் நிறமாக இருக்கும் ‘உசுகுச்சி’ சோயா சாஸில் உப்பு குறைவு என்று நினைத்து ஏமாறாதீர்கள். கறுப்பாக இருப்பதைவிட அதில்தான் உப்பு அதிகம்.

சர்க்கரை உள்ளவர்கள்: ஒரு சின்னச் சுருளின் சாதத்தில் சுமார் 50 கலோரி. எட்டுச் சுருள் என்றால் சாதம் மட்டுமே 400. பேச்சு சுவாரஸ்யத்தில் எத்தனை சாப்பிட்டோம் என்ற கணக்கே தப்பிவிடும். முதலில் நாலு சுருள் என்று எண்ணித் தட்டில் நோரித் துண்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சாதம் இல்லாமல் லெட்யூஸ் இலையில் முட்டை, இறால், வெள்ளரி வைத்துச் சுருட்டிக்கொள்ளலாம்.

‘வார்ஃபரின்’ மாத்திரை சாப்பிடுபவர்கள்: இருதய வால்வு, ரத்தக்கட்டு போன்றவற்றுக்கு இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் ‘நட்டோ’ என்ற புளித்த சோயாவைத் தொடவே கூடாது. அதில் உள்ள வைட்டமின் கே, மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

தைராய்டு உள்ளவர்கள்: நாலைந்து நோரித் துண்டால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் சாதம் வேகும்போது வாசனைக்காகச் சிலர் போடும் ‘கொம்பு’ என்ற தடித்த கடற்பாசியில் அயோடின் மிகமிக அதிகம். அதைப் போடாமல் விட்டுவிடுங்கள்.

உங்கள் சந்தேகங்களுக்கு...

* பாஸ்மதியிலோ பொன்னியிலோ செய்யலாமா?

அவை உதிர் உதிராக இருக்கும் ரகம். வாய்க்குக் கொண்டுபோகும் முன் பாதி மடியில் விழும்! ‘கோஷிஹிகாரி’ போன்ற குட்டை ரகத்தில் உள்ள ஒட்டும் தன்மைதான் சுருளைப் பிடித்து நிறுத்துகிறது.

* சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன வைப்பது?

வெள்ளரிக்காய், வெண்ணெய்ப் பழம், சோயாவில் கொதித்த ஷிட்டேக் காளான், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய் எல்லாம் இருக்கிறது. ‘கம்பியோ’ என்று ஒன்று உண்டு. அது நம்ம சுரைக்காய் இனம்தான்! நாடா மாதிரி சீவிக் காயவைத்து, இனிப்பும் சோயாவும் சேர்த்து வேகவைப்பார்கள். தோச்சிகி மாவட்டம் இதற்குப் பேர்போனது. ஆனால் எச்சரிக்கை: கடையில் வாங்கும் தமகோயாகி, கம்பியோ, தயாராகக் கலந்து விற்கும் சுஷி வினிகர் ஆகியவற்றில் ‘தாஷி’ என்ற மீன் சாறு கலந்திருக்கலாம். சைவத்துக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்.

* வசாபி கண்டிப்பாக வேண்டுமா?

வேண்டாம். ஜப்பானியக் குழந்தைகளே வசாபி இல்லாமல்தான் சாப்பிடுகிறார்கள். அது ருசிக்கு மட்டுமே. கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பிப் பழைய மீனைச் சாப்பிடக்கூடாது.

* கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள்?

சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. கோதுமை சேர்க்காததைப் பார்த்து வாங்கவேண்டும்.

* மிச்சமானால்?

மேஜையில் இருந்த பச்சை மீன் மிச்சமானால் எடுத்து வைக்காதீர்கள். இதற்கு ஒரே வழி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பது. முதலில் பாதி மீனை மட்டும், ஐஸ் பரப்பிய தட்டில் வையுங்கள். தீர்ந்ததும் அடுத்த பாதி. ஃபிரிஜ்ஜைவிட்டு வெளியே வராத மீனை அன்றைக்கே நன்றாக வேகவைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உட்காரும் முன் ஒரு பார்வை

• எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாயிற்றா? கையால் சுருட்டிக் கையால் சாப்பிடும் உணவு இது.

• பச்சை மீன் தட்டு மேஜையின் ஒரு ஓரமாக, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எட்டாத பக்கம் இருக்கிறதா?

• வெந்த பொருட்களுக்குத் தனித் தட்டு, தனிக் குச்சி இருக்கிறதா?

• நோரி டப்பா மூடியிருக்கிறதா? கடைசி நிமிஷத்தில் திறந்தால் போதும்.

• சோயா சாஸ் பாட்டிலை மேஜையிலிருந்து எடுத்துவிட்டீர்களா? கண்ணில் பட்டால் கை போகும்!

எல்லாம் சரியென்றால் ‘இதடகிமாஸ்’ சொல்லுங்கள். சாப்பிடும் முன் கைகூப்பி ஜப்பானியர் சொல்லும் நன்றி வார்த்தை அது. பக்கத்தில் சூடான பச்சைத் தேநீர் இருக்கட்டும். விருந்து முடிந்த அன்றைக்கோ மறுநாளோ யாருக்காவது கடுமையான வயிற்றுவலி, வாந்தி, பேதி, உடம்பில் தடிப்பு என்று வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். பச்சை மீன் சாப்பிட்டதை மறைக்காமல், எப்போது, எந்த மீன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவலே அவருக்குப் பாதி வைத்தியம்.